ஷட்டவுன் போட்டால் நிற்காத சேவை: கோளாறு தொடங்கும் வரியில்

காவேரிப்பட்டணம் போகும் சாலையில் ஒரு மாங்கூழ் ஆலை. பெயர் வேண்டாம். ஜூன் பிறந்துவிட்டால் அதன் வாசலில் தோத்தாபுரி ஏற்றிய லாரிகளும் டிராக்டர்களும் சாலை ஓரம் வரை வரிசைகட்டி நிற்கும். கேட்டைத் தாண்டியதும் எடைமேடை. மேடையை ஒட்டி ஒரு சின்ன அறை, அறைக்குள் லினக்ஸ் போட்ட பழைய கம்ப்யூட்டர். வண்டி ஏறி நின்றதும் எடை காட்டும் பெட்டியிலிருந்து சீரியல் கேபிள் வழியாக எண் வரும். ஒரு சிறிய பைத்தான் நிரல் அதை வாங்கி, வண்டி எண்ணும் நேரமும் சேர்த்து, அலுவலகக் கட்டடத்தில் இருக்கும் இன்னொரு கம்ப்யூட்டரின் ஃபோல்டரில் எழுதும். நடுவில் கேபிள் புதைத்தால் லாரிச் சக்கரம் விட்டுவைக்காது என்பதால் வைஃபை. ஃபோல்டரைப் பகிர்ந்துகொள்ள என்எஃப்எஸ்.

பகல் முழுக்க ஒரு குறையும் இல்லை. இரவு ஷட்டவுன் போட்டால்தான் வம்பு. கறுப்புத் திரையில் சிவப்பு நட்சத்திரங்கள் இடமும் வலமும் ஓடும். எடைமேடைச் சேவையை, அதாவது பின்னணியில் ஓடும் அந்த பைத்தான் நிரலை, நிறுத்தும் வேலை நடக்கிறது என்று ஓர் ஆங்கில வரி வரும். பக்கத்தில் நொடிகள் ஏறிக்கொண்டே போகும், ஒன்றரை நிமிடம் வரை. ஆபரேட்டர் தம்பி இரண்டு நாள் பார்த்தான். மூன்றாம் நாளிலிருந்து சுவரில் இருக்கும் சுவிட்சைத் தட்டிவிட்டுக் கிளம்ப ஆரம்பித்தான்.

"எவ்ளோ நேரம்ணா அதையே பாத்துட்டு இருக்கறது? கடைசி பஸ் போயிடும்ணா, அதான் தட்டிட்டேன்" என்றான். அவன் மேல் தப்பில்லை. ஆனால் ஒரு நாள் கடைசியாக வந்த இரண்டு லோடுகள் அலுவலகக் கணக்கில் ஏறவே இல்லை. விவசாயிகள் கையில் அச்சடித்த சீட்டு இருக்கிறது, கணக்கில் வரி இல்லை. அப்புறம்தான் எனக்கு போன் வந்தது.

இந்த மாதிரிச் சிக்கலுக்குத் தேடினால் முதலில் கிடைக்கும் வைத்தியம் ஒன்று உண்டு: காத்திருக்கும் நேரத்தைக் குறை. ஒன்றரை நிமிடத்தைப் பத்து நொடியாக்கு, ஐந்தாக்கு. நிறையப் பேர் அதைச் செய்துவிட்டு நன்றி சொல்கிறார்கள். நானும் முன்பு ஓரிரு இடத்தில் செய்திருக்கிறேன். இந்த ஆலையில் அதைச் செய்திருந்தால் ஆபரேட்டர் கையால் செய்துகொண்டிருந்த காரியத்தை கம்ப்யூட்டரே செய்ய ஆரம்பித்திருக்கும், அவ்வளவுதான். அது ஏன் என்று புரிய, ஷட்டவுன் போட்டதும் உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

இன்றைய லினக்ஸ்களில் பெரும்பாலானவற்றில் சேவைகளைத் தொடங்குவதும் நிறுத்துவதும் சிஸ்டம்டி என்ற மென்பொருளின் வேலை. 2010-இல் லெனார்ட் போட்டரிங்கும் கே சீவர்ஸும் தொடங்கியது. அடுத்த ஆண்டே ஃபெடோரா 15 என்ற லினக்ஸ் வகை அதை ஏற்றுக்கொண்டது. 2014-இல் ரெட்ஹாட் 7, 2015-இல் டெபியன் 8, அதே ஆண்டில் உபுண்டு 15.04 என்று வரிசையாக எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். ஷட்டவுன் என்று சொன்னதும் சிஸ்டம்டி ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு சேவைக்கும் முதலில் சிக்டெர்ம் என்ற சிக்னலை அனுப்பும். எண் 15. இது கட்டளை இல்லை, 'கடையைக் கட்டப்பா' என்கிற மரியாதையான அறிவிப்பு. நிரல் கையில் இருக்கும் வேலையை முடித்து, கோப்பை மூடி, தானாகப் போகலாம். போகவில்லை என்றால் சிஸ்டம்டி காத்திருக்கும். பொதுவான கெடு 90 நொடி. அதற்கும் மசியாவிட்டால் சிக்கில், எண் 9. இதை எந்த நிரலாலும் மறுக்கவோ தள்ளிப்போடவோ முடியாது. கையில் என்ன இருந்தாலும் அப்படியே போய்விடும்.

திரையில் ஓடிய அந்த ஒன்றரை நிமிடம் இந்த இரண்டு சிக்னல்களுக்கும் இடைப்பட்ட நேரம். 90 நொடி நீளம் என்ற முணுமுணுப்பு வெகு நாளாக உண்டு. ஃபெடோரா 38-இல் அதை 45 ஆகக் குறைத்தும்விட்டார்கள். மேசைக் கம்ப்யூட்டருக்கு அது நியாயமாகவே இருக்கலாம். ஆனால் கெடுவைச் சுருக்குவதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: அந்த நேரத்தில் நிரல் என்ன செய்துகொண்டிருக்கிறது? சும்மா முரண்டு பிடிக்கிறதா, இல்லை முடியாத ஒன்றை முடிக்கப் பார்க்கிறதா?

இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை போதும், அதைத்தான் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். கம்ப்யூட்டரை அணைக்காமல், அந்தச் சேவையை மட்டும் கையால் நிறுத்திப் பார்ப்பது. 'சிஸ்டம்சிடிஎல் ஸ்டாப்' போட்டு சேவையின் பெயரைக் கொடுத்தேன். இரண்டு நொடிக்குள் அழகாக நின்றது. மிச்சம் இருந்த சீட்டுகளை எல்லாம் எழுதிவிட்டுத்தான் நின்றது. அதே சேவை ஷட்டவுனில் மட்டும் 90 நொடி இழுக்கிறது. கையால் நிறுத்தும்போதும் இழுத்தால் நிரலைப் பிரித்துப் பார்க்கலாம். இங்கே நிரல் நல்ல பிள்ளை. அப்படியானால் ஷட்டவுனின்போது அதைச் சுற்றி வேறு ஏதோ நடக்கிறது.

என்ன நடக்கிறது என்று பார்க்க முந்தைய ஓட்டத்தின் லாக், அதாவது நடந்ததைக் கம்ப்யூட்டர் குறித்துவைக்கும் பதிவு, வேண்டும். 'ஜர்னல்சிடிஎல்' கட்டளையோடு முந்தைய பூட் என்று கேட்டால் கொடுக்கும். ஆனால் லாக் வட்டில் நிரந்தரமாகச் சேமிக்கப்பட்டிருக்க வேண்டும். சில லினக்ஸ்களில் அது நினைவகத்தில் மட்டும் இருந்து, அணைத்ததும் அழிந்துவிடும். வார் ஃபோல்டரில், லாக் என்பதற்குள் ஜர்னல் என்று ஒரு ஃபோல்டர் இருந்தால் போதும், அடுத்த தடவையிலிருந்து சேரும். அது இல்லாமல் திரையைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி நான் இரண்டு நாள் வீணாக்கினேன்.

லாக் வந்ததும் கதை தெளிவாகிவிட்டது. ஒரே நொடியில் மூன்று காரியங்கள். எடைமேடைச் சேவைக்கு நிறுத்தச் சொல்லி சிக்னல் போகிறது. அதே கணத்தில் பகிர்ந்த ஃபோல்டரைக் கழற்றப் பார்க்கிறார்கள், ஃபோல்டர் பயன்பாட்டில் இருக்கிறது என்று தோல்வி. தோற்றாலும் அந்த வேலை முடிந்ததாகத்தான் கணக்கு, ஆகவே அடுத்ததாக இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க் மேனேஜர் நிற்கிறது, வைஃபை போகிறது. அப்புறம் 88 நொடி மௌனம். கடைசியில் சிக்டெர்முக்கு மசியவில்லை, கொல்கிறோம் என்று ஒரு வரி.

நிரலை எழுதியவர் (நானில்லை, ஆனால் எழுதியவரைக் குறை சொல்ல மாட்டேன்) அக்கறையாகத்தான் எழுதியிருக்கிறார். ஒவ்வொரு சீட்டுக்கும் வைஃபை வழியே ஓடாமல் ஐந்து ஐந்தாகச் சேர்த்து எழுதும். நிறுத்தச் சொல்லி சிக்னல் வந்தால் குறித்துக்கொண்டு, சீரியல் போர்ட்டைப் படிக்கும் சுற்று முடிந்ததும் மிச்சத்தை எழுதிவிட்டு வெளியேறும். அந்தச் சுற்றுக்கு இரண்டு நொடி. கையால் நிறுத்தும்போது இந்த இரண்டு நொடி ஒன்றும் செய்யாது. ஷட்டவுனில் அதே இரண்டு நொடிக்குள் வைஃபை போய்விடுகிறது. நிரல் திரும்பி வந்து எழுதப் பார்த்தால் எதிரில் யாரும் இல்லை.

இங்கே என்எஃப்எஸ்ஸின் குணத்தையும் சொல்ல வேண்டும். 1984-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் உருவாக்கியது. தூரத்து வட்டை உள்ளூர் வட்டு மாதிரியே காட்டுவது அதன் நோக்கம். உள்ளூர் வட்டு ஒரு நாளும் 'இப்போது இல்லை, அப்புறம் வா' என்று சொல்லாதல்லவா? அதனால் என்எஃப்எஸ்ஸும் சொல்லாது. ஹார்டு என்ற வழக்கமான முறையில் ஃபோல்டரை மவுன்ட் செய்திருந்தால் (இங்கே பொருத்தியிருந்தால்), எதிர்முனை பதில் சொல்லும் வரை கேட்டுக்கொண்டே இருக்கும். பத்து நிமிடமோ பத்து மணி நேரமோ, அதற்குக் கவலை இல்லை. அதுவரை எழுதப் போன நிரல் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்குள் உறைந்து நிற்கும். முன்காலத்தில் சிக்கில் அனுப்பினாலும் சாகாது. கர்னல் 2.6.25 வந்த பிறகுதான் குறைந்தபட்சம் கொல்லவாவது முடிகிறது. ஆனால் சிக்டெர்மைப் பிடித்துத் தன் வழியில் கையாளும் நிரல் என்றால், அந்த உறைநிலையில் சிக்டெர்ம் பலிக்காது. அதாவது பொறுப்பில்லாமல் எழுதிய நிரல் சட்டென்று செத்திருக்கும். பொறுப்பாக எழுதியது தொங்குகிறது.

கெடுவை ஐந்து நொடி ஆக்கும் வைத்தியம் ஏன் இங்கே ஆகாது என்பது இப்போது தெரியும். அந்த 90 நொடியும் நிரல் கையில் இரண்டு சீட்டை வைத்துக்கொண்டு கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறது. நேரத்தைக் குறைத்தால் அதைச் சீக்கிரம் கொல்லலாம், சீட்டு திரும்பாது.

இன்னொரு வைத்தியமும் சொல்வார்கள்: ஹார்டுக்குப் பதில் சாஃப்ட் முறையில் மவுன்ட் செய். அப்போது சில முறை முயன்றுவிட்டு என்எஃப்எஸ் 'முடியவில்லை' என்று நிரலிடம் திருப்பிச் சொல்லும். தொங்காது. ஆனால் பகலில் வைஃபை கொஞ்சம் தடுமாறினாலும் அதையே சொல்லும், நிரல் அதைக் கவனிக்காவிட்டால் பாதி எழுதிய கோப்பு மிஞ்சும். எடைக் கணக்குக்கு அது ஆகவே ஆகாது. சாஃப்ட் போடுகிறவர்கள் கூடவே டைமியோ என்ற அளவையும் தொடுவார்கள், அதில் ஒரு குழி இருக்கிறது: அது நொடியில் அல்ல, நொடியின் பத்தில் ஒரு பங்கில். 600 என்றால் 60 நொடி. முப்பது நொடி என்று நினைத்து 30 போட்டவர் மூன்று நொடிதான் கொடுத்திருக்கிறார்.

சரி, உண்மையான கோளாறு எங்கே? ஒரு சேவையை எப்படி ஓட்டுவது என்று சிஸ்டம்டிக்குச் சொல்லும் யூனிட் கோப்பைத் திறந்து பார்த்தேன். நிரலின் பாதை, விழுந்தால் திரும்ப எழுப்பு என்று ஒரு வரி, இயல்பான ஓட்டத்தில் சேர்த்துக்கொள் என்று ஒரு வரி. யாருக்குப் பின்னால் தொடங்க வேண்டும் என்று எதுவுமே இல்லை.

சிஸ்டம்டியில் நிறுத்தும் வரிசை என்று தனியாக எழுத இடமே கிடையாது. தொடங்கும் வரிசையைத் தலைகீழாகப் போட்டால் அதுதான் நிறுத்தும் வரிசை. 'ஆஃப்டர்' என்ற வரியில் நான் இன்னாருக்குப் பின்னால் தொடங்குகிறேன் என்று ஒரு சேவை சொன்னால், அணைக்கும்போது அது அவருக்கு முன்னால் நிறுத்தப்படும். அது முழுதாக நின்ற பிறகே அவரைத் தொடுவார்கள். ஒன்றுமே சொல்லாவிட்டால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சீட்டைக் கிழிப்பார்கள், யார் முந்துகிறாரோ அவர் முந்தட்டும் என்று. எங்கள் எடைமேடைச் சேவை தொடங்கும்போது வரிசை சொல்லவில்லை. காலையில் ஃபோல்டர் கிடைக்காவிட்டால் பத்து நொடிக்கு ஒரு முறை முயன்று எப்படியோ சமாளித்தது. அந்தச் சமாளிப்பு இருந்ததால் வரிசை இல்லாத குறை யாருக்கும் தெரியவில்லை. இரவில் சமாளிக்க இரண்டாவது வாய்ப்பு இல்லை.

இதை ஆலை மேலாளரிடம் விளக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. வேலை முடிந்த இரவில் பாய்லரை முதலில் அணைத்துவிட்டு, அப்புறம் கூழ் போன குழாய்களைக் கழுவ நீராவி கேட்பவர் யாரும் உண்டா? காலையில் முதலில் பற்றவைப்பது பாய்லர், இரவில் கடைசியில் அணைப்பதும் பாய்லர். நெட்வொர்க்தான் இங்கே பாய்லர் என்றேன். "அதைப் போய் எதுக்கு முதல்ல நிறுத்தினாங்க?" என்று கேட்டார்.

நெட்வொர்க் டார்கெட் என்று சிஸ்டம்டியில் ஒன்று உண்டு, வரிசையில் நட்ட மைல்கல் மாதிரி. பெயரைப் பார்த்து, அதற்குப் பின்னால் என்று போட்டால் நெட்வொர்க் கிடைத்த பிறகு சேவை தொடங்கும் என்றே பலரும் நம்புகிறார்கள். இல்லை. தொடக்கத்தில் அதற்கு அர்த்தம் ரொம்பக் குறைவு: நெட்வொர்க்கைக் கவனிக்கும் மென்பொருள் கிளம்பிவிட்டது, அவ்வளவுதான், முகவரி கிடைத்ததா என்பது வேறு கதை. நிஜமாகவே இணைப்பு வரும் வரை காத்திருக்க நெட்வொர்க் ஆன்லைன் டார்கெட் என்று தனியாக இருக்கிறது. அப்படியானால் முதலாவது எதற்கு? சிஸ்டம்டியின் சொந்த விளக்கக் கையேடே சொல்கிறது, அதன் பயன் முக்கியமாக அணைக்கும்போதுதான் என்று. அதற்குப் பின்னால் என்று எழுதிய சேவை, நெட்வொர்க் கழற்றப்படும் முன் நிறுத்தப்படும். தொடங்குவதற்காக எழுதுவது போலத் தோற்றம், வேலை செய்வது நிறுத்தும்போது. பெயர் வைத்தவரைப் பார்த்தால் கேட்க எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது.

திருத்தம் ஒரே வரிதான். மூல யூனிட் கோப்பைத் தொடாமல் 'சிஸ்டம்சிடிஎல் எடிட்' போட்டு மேலடுக்காக ஒரு சின்னக் கோப்பு எழுதினேன். அதில் யூனிட் பகுதியில் 'ரிக்வயர்ஸ்மவுன்ட்ஸ்ஃபார்' என்று போட்டு ஃபோல்டரின் பாதை. இந்த ஃபோல்டர் இல்லாமல் என்னால் வேலை செய்ய முடியாது, அதற்குப் பின்னால்தான் தொடங்குவேன் என்று அர்த்தம். ஃபோல்டர் என்எஃப்எஸ் என்பதால் அது நெட்வொர்க்குக்குப் பின்னால் என்பதை சிஸ்டம்டி தானே சேர்த்துக்கொள்ளும். ஆக நிறுத்தும்போது முதலில் சேவை, அது முழுதாக நின்ற பிறகு ஃபோல்டர், அதற்கும் பிறகு வைஃபை. வேறு வகை வட்டு, உதாரணமாக ஐஸ்கசி மாதிரி நெட்வொர்க் வழியே வந்தாலும் வெளிப்பார்வைக்கு உள்ளூர் வட்டாகத் தெரிவது என்றால், நெட்வொர்க் சம்பந்தம் உண்டு என்று அதற்குத் தெரியாது. எதை எங்கே மவுன்ட் செய்வது என்று பட்டியலிடும் எஃப்ஸ்டேப் கோப்பில் 'நெட்டெவ்' என்ற குறிப்பை, முன்னால் அடிக்கோடோடு, நாம்தான் போட வேண்டும்.

அன்று சாயங்காலம் ஷட்டவுன் போட்டோம். மூன்று நொடி. ஆபரேட்டர் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் மரியாதை இருந்தது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு போன். சேவை ஓடவே இல்லை. வாசலில் பத்து வண்டி.

இரவைச் சரிசெய்யப் போய்க் காலையைக் கெடுத்துவிட்டேன். லாக்கில் காரணம் இருந்தது: ஃபோல்டர் மவுன்ட் ஆகவில்லை, ஆகவே அதை நம்பிய சேவையைத் தொடங்கவில்லை. நியாயம்தான், நான்தானே அப்படி எழுதினேன். விழுந்தால் திரும்ப எழுப்பு என்ற வரியும் உதவாது. அது ஓடி விழுந்த சேவைக்கு, இது ஓடவே இல்லை. சரி, ஃபோல்டர் ஏன் மவுன்ட் ஆகவில்லை? வைஃபை இல்லை. ஆபரேட்டர் வந்து திரையில் பாஸ்வேர்டு போட்டு லாகின் ஆன பிறகுதான் வைஃபை வருகிறது.

இது பல மேசைக் கம்ப்யூட்டர்களில் இருக்கும் விஷயம், யாரும் கவனிப்பதில்லை. நெட்வொர்க் மேனேஜரில் ஒரு வைஃபை இணைப்பை ஒரு பயனருக்கு மட்டும் சொந்தமாக வைக்க முடியும். அப்போது அதன் பாஸ்வேர்டு அந்தப் பயனரின் சாவிக்கொத்தில் இருக்கும். அவர் உள்ளே வந்தால் இணைப்பு வரும், வெளியே போனால் இணைப்பும் போகும். அந்த அறையில் முதன்முதலில் வைஃபையை இணைத்தபோது அப்படி அமைந்துவிட்டது. பழைய சேவை பத்து நொடிக்கு ஒரு முறை முயன்றதால் லாகின் ஆன பிறகு எப்படியோ பிடித்துக்கொண்டது. காலையில் முதல் வண்டிக்குச் சீட்டு அலுவலகம் போகக் கொஞ்சம் தாமதமாகும் என்று அவர்களும் பழகியிருந்தார்கள்.

இதே காரணத்தால் இரவுச் சிக்கலும் எனக்குத் தெரியாமல் பாதி மிச்சம் இருந்திருக்கிறது. ஷட்டவுனில் பயனரின் அமர்வும் எடைமேடைச் சேவையும் ஒரே நேரத்தில் மூடப்படுகின்றன, இரண்டுக்கும் இடையே வரிசை எதுவும் இல்லை. அமர்வு முந்தினால் வைஃபை அதோடு போய்விடும். நான் எழுதிய வரிசையை அது மதிக்காது, ஏனென்றால் நிற்பது நெட்வொர்க் மேனேஜர் சேவை இல்லை, அதற்குள் இருக்கும் ஓர் இணைப்பு. முந்தின சாயங்காலம் மூன்று நொடியில் அணைந்தது என் கெட்டிக்காரத்தனம் இல்லை, எழுத மிச்சம் ஒன்றும் இல்லாத நேரம். சில நாள் தொங்கும், சில நாள் தொங்காது என்று யாராவது சொன்னால் இந்த மாதிரிப் பந்தயம் எங்காவது நடக்கிறதா என்றுதான் இப்போது முதலில் பார்க்கிறேன்.

இணைப்பின் அமைப்பில் எல்லாப் பயனர்களும் பயன்படுத்தலாம் என்ற கட்டத்தில் டிக் போட்டேன். அதோடு பாஸ்வேர்டு பயனரிடமிருந்து கணினி அளவிலான கோப்புக்கு மாறியது. ரூட் என்ற நிர்வாகிக் கணக்கு மட்டுமே படிக்கக்கூடிய கோப்பு. பூட் ஆனதும் யாரும் லாகின் ஆகாமலே வைஃபை வந்தது, ஃபோல்டர் வந்தது, சேவை வந்தது.

இதை ஏன் என் வீட்டில் சோதித்தபோது பிடிக்க முடியவில்லை என்று அப்புறம் யோசித்தேன். கிருஷ்ணகிரியில் என் மேசையில் அதே நிரலை, அதே என்எஃப்எஸ்ஸை ஓட்டிப் பார்த்திருந்தேன், ஒரு நாளும் தொங்கவில்லை. வித்தியாசம் கேபிள். நெட்வொர்க் மேனேஜர் நிற்கும்போது கேபிள் இணைப்பின் முகவரியைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிட்டுப் போகும். தாமதமாக எழுதுகிறவருக்கும் வழி திறந்திருக்கும். வைஃபை அப்படி இல்லை, அதைத் தாங்கிப் பிடிக்கும் மென்பொருள் நின்றதும் இணைப்பு அறுந்துவிடும். வரிசை தப்பாக இருந்தாலும் கேபிள் மன்னித்துவிடுகிறது.

இதற்கு நேர் எதிரான கோளாறு ஒன்றையும் பர்கூரில் ஒரு ஜவுளிக்கடையில் பார்த்திருக்கிறேன். அங்கே சேவை தொங்கவில்லை. நிறுத்தச் சொல்லி அதனிடம் யாருமே சொல்லவில்லை. ரெட்ஹாட் குடும்பத்து லினக்ஸான சென்டோஸ் 6 ஓடிய பில்லிங் சர்வர். சிஸ்டம்டிக்கு முந்தைய தலைமுறை, எல்லாம் ஷெல் ஸ்கிரிப்ட், அதாவது கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்புகள். கே என்று தொடங்கும் பெயர்கள் நிறுத்துவதற்கு, எஸ் என்று தொடங்குபவை தொடங்குவதற்கு. கடைக்காரருக்குத் தெரிந்த ஒருவர் எழுதிக் கொடுத்த ஸ்கிரிப்டில் ஸ்டார்ட் பகுதியும் ஸ்டாப் பகுதியும் ஒழுங்காகவே இருந்தன, கையால் போட்டால் இரண்டும் வேலை செய்தன. ஆனால் ஷட்டவுனில் ஸ்டாப் பகுதி ஓடவே இல்லை. டேட்டாபேஸ் ஒவ்வொரு காலையும் தன்னைத்தானே பழுதுபார்த்துக்கொண்டே எழுந்தது.

ரெட்ஹாட் குடும்பத்தின் பழைய முறையில் ஒரு வழக்கம் உண்டு. சேவை தொடங்கியதும் வார் ஃபோல்டரில், லாக் சப்சிஸ் என்ற இடத்தில், தன் பெயரில் ஒரு வெற்றுக் கோப்பை வைக்க வேண்டும். இங்கே லாக் என்றால் பூட்டு. அணைக்கும்போது அந்தக் கோப்பு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இல்லையென்றால் இந்தச் சேவை ஓடவில்லை என்று முடிவுகட்டி, ஸ்டாப்பைக் கூப்பிடாமலே தாண்டிவிடுவார்கள். கடைசியில் மிச்சம் இருக்கும் எல்லாவற்றுக்கும் மொத்தமாக சிக்டெர்ம், சில நொடி கழித்து சிக்கில். ஸ்கிரிப்டை எழுதியவருக்கு அந்தக் கோப்பு பற்றித் தெரியவில்லை. ஸ்டார்ட் பகுதியில் கோப்பை உண்டாக்க ஒரு 'டச்', ஸ்டாப் பகுதியில் அதை நீக்க ஒரு 'ஆர்எம்'. இரண்டு வரியில் முடிந்தது. சென்டோஸ் 6-க்கான ஆதரவே 2020 நவம்பரில் முடிந்துவிட்டது, இருந்தாலும் இந்த மாவட்டத்தில் எத்தனை கல்லாப்பெட்டிக்குப் பின்னால் அது இன்னும் ஓடுகிறதோ.

சிஸ்டம்டியிலும் இதே தவறு வேறு வேஷத்தில் வரும். ஒன்ஷாட் வகைச் சேவை, அதாவது ஒரு வேலையை ஒரு தடவை செய்துவிட்டு முடிந்துவிடுவது, ஒன்று எழுதி, அதில் அணைக்கும்போது ஓட வேண்டிய கட்டளையை வைப்பார்கள். தொடக்கக் கட்டளை ஒரு நொடியில் முடிந்ததும் சேவையும் முடிந்தது என்று சிஸ்டம்டி நினைக்கும், நிறுத்தும் கட்டளையை அப்போதே ஓட்டிவிடும். ஷட்டவுனில் ஒன்றும் நடக்காது. 'ரிமைன் ஆஃப்டர் எக்ஸிட்' என்பதை யெஸ் என்று போட்டால்தான் வேலை முடிந்த பிறகும் அது ஓடுவதாகவே கணக்கில் இருக்கும். ஓடுவதாக எண்ணும் ஒன்றைத்தான் கணினி நிறுத்தும், பழையதானாலும் புதியதானாலும்.

மீண்டும் எடைமேடைக்கு வருகிறேன். வரிசை சரியான பிறகும் எனக்கு ஒரு உறுத்தல் இருந்தது. மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்சாரம் நிறுத்தும் நாளில் அலுவலகத்துக் கம்ப்யூட்டரின் யுபிஎஸ் முதலில் தீர்ந்துவிட்டால் என்ன ஆகும்? எடைமேடை அறையில் எல்லா வரிசையும் சரியாக இருந்தும் எதிர்முனை இல்லை. திரும்பவும் அதே 90 நொடி. இதை யூனிட் கோப்பால் தீர்க்க முடியாது. நிரலை எழுதியவரைக் கூப்பிட்டு, சீட்டை முதலில் அந்த அறைக் கம்ப்யூட்டரின் சொந்த வட்டில் எழுதச் சொன்னேன். அலுவலகத்துக்கு நகல் எடுத்துப் போவது தனியாக இன்னொரு சின்னச் சேவை. அது தொங்கினாலும், கொல்லப்பட்டாலும், சீட்டு அறையிலேயே இருக்கும், மறுநாள் போய்ச் சேரும். நகல் சேவைக்கு மட்டும் நிறுத்தும் கெடுவை 15 நொடியாக்கினேன். ஆம், கடைசியில் நேரத்தைக் குறைக்கும் வைத்தியத்தை நானும் செய்தேன். அதன் கையில் இழக்க ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகு.

அதற்கும் மீறி ஏதாவது தொங்கினால் சுவிட்சைத் தொடாதே, கன்ட்ரோல், ஆல்ட், டெலிட் மூன்றையும் சேர்த்து இரண்டு நொடிக்குள் ஏழு தடவைக்கு மேல் தட்டு என்று ஆபரேட்டருக்குச் சொல்லிக்கொடுத்தேன். சிஸ்டம்டி காத்திருப்பதை விட்டுவிட்டு உடனே ரீபூட் செய்துவிடும். சுவரில் தட்டுவதைவிட இது மேல், அவ்வளவே. அவனுக்கு லினக்ஸ் புதிதில்லை. பள்ளியில் கொடுத்த இலவச லேப்டாப்பில் பாஸ் லினக்ஸ் இருந்ததாம், திறந்ததே இல்லையாம்.

இந்த வேலையில் இறங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஷட்டவுன் நடுவே உள்ளே போய்ப் பார்க்க டீபக் ஷெல் என்ற சேவை உண்டு. அதை இயக்கி வைத்தால் ஒன்பதாவது திரையில் பாஸ்வேர்டு கேட்காமலே ரூட் ஷெல் காத்திருக்கும். தொங்கும் நேரத்தில் அங்கே போய், எந்த வேலை யாருக்காகக் காத்திருக்கிறது என்று கேட்கலாம். அருமையான கருவி. வேலை முடிந்ததும் அணைக்க மறந்தால், விசைப்பலகை அருகே வரும் யாருக்கும் கம்ப்யூட்டரை எழுதிக் கொடுத்த மாதிரி. நான் மறந்தேன். நான்கு நாள் கழித்து நினைவு வந்து, அதற்காகவே காவேரிப்பட்டணம் வரை வண்டியை எடுத்துக்கொண்டு போனேன்.

அடுத்த சீசனுக்கு இரண்டாவது எடைமேடை போடப் போகிறார்கள். இதே யூனிட் கோப்பைப் பிரதி எடுத்துப் பாதையை மாற்றுவார்கள். ஃபோல்டரின் பாதையை அந்த வரியில் தப்பாக எழுதினால் சிஸ்டம்டி எந்தப் பிழையும் காட்டாது. அந்தப் பாதையில் தனி மவுன்ட் எதுவும் இல்லை, ஆகவே காத்திருக்கவும் ஒன்றுமில்லை என்று பேசாமல் போய்விடும். சேவை பகல் முழுக்க நன்றாக ஓடும். கோப்பின் முதல் வரியில் இதைத் தமிழிலேயே கமென்ட்டாக எழுதி வைத்திருக்கிறேன்.